செல்வராணி ஏன் கூடுதலாகத் தங்கினார்

விசா ஆபீஸில் ரிஜெக்‌ஷன் லெட்டரைப் படித்து விளக்கும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில், ஒரு செல்போன் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். டிக்கெட், பாஸ்போர்ட் வேலைகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். விசாவுக்கு ஃபைல் தயாரிக்கும் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். என் வேலையை இப்போது பார்க்கும் இரண்டு பெண்களும் சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய்வார்கள். அனுமதி முடிந்தும் அங்கேயே தங்கிவிட்ட 'ஓவர்ஸ்டே' கேஸ் வந்தால் எப்படிக் கையாள்வது என்று போன வாரம் கேட்டார்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் செல்வராணியின் கேஸை எழுதுகிறேன்.

1. மூன்று வருடம்

செல்வராணி வால்பாறைக்காரர். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் இல்லை. ஒரே மகள் ஜெனிபர் நர்ஸிங் படித்து, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் வேலை பார்க்கிறாள். அங்கேயே நிரந்தரமாக இருப்பதற்கான பி.ஆர். வாங்கியிருந்தாள்.

அவர் முதலில் வந்தது ஒரு திங்கட்கிழமை. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்துப்போயிருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காராமலே பையிலிருந்து லெட்டரை எடுத்து நீட்டினார்.

"பொள்ளாச்சியில ஒரு பிரவுசிங் சென்டர்ல போட்டோமுங்க மேடம். இப்பிடி வந்திருக்குது. என்னன்னு சொல்லுங்க."

படித்தேன். அவர் ஏற்கெனவே ஒருமுறை மகளுடைய முதல் பிரசவத்துக்காகப் பெர்த் போயிருக்கிறார். விசிட்டர் விசா. விசாவின் ஆயுள் பன்னிரண்டு மாதம். ஆனால் ஒருமுறை உள்ளே போனால் மூன்று மாதம்தான் தங்கலாம். இவர் ஐந்து மாதத்துக்கு மேல் தங்கியிருக்கிறார். அனுமதி முடிந்து நான்கு வாரத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டால், வெளியேறிய நாளிலிருந்து மூன்று வருடம் விசிட்டர் விசா கிடைக்காது. அவர் திரும்பி வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

சொன்னேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

"புள்ளைக்கு ஏழாம் மாசமுங்க. நான் போயே ஆகோணும்."

பிரசவத்துக்கு அம்மா போக வேண்டும் என்று வருகிறவர்கள் தினமும் உண்டு. போக முடியாவிட்டால் வருத்தப்படுவார்கள், தனக்குப் பதிலாக மகளின் மாமியார் போவார், அல்லது யாரும் போகாமலே பிரசவம் நடந்து முடியும். இந்த அம்மாளின் முகத்தில் இருந்தது வருத்தம் இல்லை, பயம். அன்றைக்கு அதன் காரணம் எனக்குத் தெரியவில்லை.

தடைக்கு விலக்கு உண்டு என்று சொன்னேன். அந்த நாட்டுக் குடிமகனையோ பி.ஆர். உள்ளவரையோ பாதிக்கும், மனமிரங்க வேண்டிய காரணம் ஏதாவது இருந்தால், அதிகாரி தடையை ஒதுக்கி வைத்து விசா கொடுக்கலாம். இதை 'வெய்வர்' என்போம். கேட்டுப் பெற வேண்டும், காரணத்தைக் காட்ட வேண்டும். பொள்ளாச்சியில் போட்ட அப்ளிகேஷனில் 'ஏன் கூடுதலாகத் தங்கினீர்கள்' என்ற கேள்விக்கு ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு மாதம் தங்கலாம் என்று தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும் என்று. வேறெதுவும் இல்லை.

"இதுதான் நடந்ததுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. இங்கிலீசு தெரியாதுங்க. தெரியாம இருந்துபோட்டேன்."

2. கட்டி வைத்த பெட்டி

அடுத்த வாரம் வரச் சொல்லி முழு விவரமும் கேட்டேன். வெய்வர் கேட்பதானால் போன பயணத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எழுதியாக வேண்டும். நான் கேள்வி கேட்பேன், அவர் சொல்வார், நான் தமிழில் குறித்துக்கொண்டு பிறகு இங்கிலீஷில் எழுதுவேன்.

மருமகன் ஸ்டீபன் கோயமுத்தூர்ப் பையன். பெர்த்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் ஒரு சுரங்கத்தில் மெக்கானிக். இரண்டு வாரம் சுரங்கத்திலேயே தங்கி வேலை, ஒரு வாரம் வீடு. விமானத்தில்தான் போய் வர வேண்டும். அதனால் பாதி மாதத்துக்கு மேல் ஜெனிபரும் குழந்தையும் வீட்டில் தனியாக இருப்பார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே செல்வராணியின் செல்போனில் வீடியோ கால் வந்தது. அந்தப் பக்கம் மகள். செல்வராணி வராந்தாவுக்குப் போய்ப் பேசினார். கதவு திறந்திருந்ததால் காதில் விழுந்தது. பிள்ளைத்தாச்சி மகளிடம் எந்த அம்மாவும் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாள். இவர், "ராத்திரி தூங்குனியா கண்ணு? எத்தனை மணிக்கு முழிச்ச? அப்பறம் தூக்கம் வந்துதா?" என்று அதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து சொல்லத் தொடங்கினார். "மூணு மாசம் ஆச்சுங்க. ஊருக்குக் குடுக்கறதுக்கு சோப்பு, சாக்லேட்டு எல்லாம் வாங்கிப் பெட்டியக் கட்டி வெச்சிருந்தேன். மறுநாள் பிளைட்டு. மாப்பிள்ளை சுரங்கத்துக்குப் போயிருந்தாரு. பக்கத்து ஊட்டு மலையாளத்துப் பொண்ணு ஏர்போர்ட்டுல உட்டுடறேன்னு சொல்லியிருந்துச்சு."

எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினேன். "பன்னெண்டு மாசம் இருக்கலாம்னுதானே நெனச்சிருந்தீங்க? அப்பறம் மூணு மாசத்துல எதுக்குங்க பெட்டி கட்டினீங்க?"

அவர் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை. டீ வரவழைத்தேன். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார்.

"எறங்குன அன்னைக்கே ஏர்போர்ட்டுல இருந்த ஆபீசரு மூணு வெரலக் காட்டி மூணு மாசம்னு சொன்னாருங்க. எனக்குத் தெரியும்."

பிறகு சொன்னார், எழுத வேண்டாம் என்ற நிபந்தனையோடு.

குழந்தை பிறந்து ஆறேழு வாரத்தில் ஜெனிபர் தூங்குவதை நிறுத்திவிட்டாள். குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. குழந்தையைத் தூக்கப் பயந்தாள். தூக்கினால் கை நடுங்கும். குளிக்க வைக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெட்டி கட்டி வைத்த அன்று சாயங்காலம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போயிட்டா நான் இருக்க மாட்டேன்மா" என்றாள்.

"எஸ்டேட் ஆஸ்பத்திரியில பிரசவ வார்டுல எத்தனை வருசம் இருந்தேன். அந்த மாதிரி ரெண்டு மூணு புள்ளைங்களப் பாத்திருக்கேனுங்க. ஒருத்தியத் தனியா உட்டாங்க. அவ இல்லீங்க இப்போ. அதுக்கப்பறம் எப்பிடிங்க நான் பிளைட்டு ஏறுவேன்?"

டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார். சுரங்கத்திலிருந்து ஸ்டீபன் போனில் கேட்டபோது, விசா பன்னிரண்டு மாதம் இருக்கிறதாம், இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். விசா லெட்டரில் பன்னிரண்டு மாதம் என்று போட்டிருந்ததால் அவனும் நம்பிவிட்டான். ஜெனிபரை டாக்டரிடம் கூட்டிப் போனதும் இவர்தான். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு என்றார் டாக்டர். மாத்திரை சாப்பிட்டு மெல்ல மெல்லத் தேறினாள். அது தூக்கத்துக்கான மாத்திரை என்று ஸ்டீபனிடம் சொன்னார்கள். மகள் தானாகக் குழந்தையைக் குளிப்பாட்டத் தொடங்கிய பிறகே செல்வராணி கிளம்பினார். பெர்த் ஏர்போர்ட்டில் அதிகாரிகள் தனியாக உட்கார வைத்து, தடை விவரத்தை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மாமியார் தேதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று ஸ்டீபனுக்கு இன்றுவரை கோபம். இவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

"மறுபடியும் வந்துரும்னு பயமா இருக்குதுங்க. ரெண்டாவதுக்கும் வரும்னு டாக்டரம்மா அப்பவே சொல்லியிருக்காங்க."

"இதைத்தானுங்க எழுதோணும். இதுதான் வெய்வருக்குக் காரணம்."

தலையை வேகமாக ஆட்டினார். "வேண்டாமுங்க. அவ மாமியாருக்குத் தெரிஞ்சா பைத்தியம்னு பேரு கட்டிப்போடுவாங்க. அவ நர்ஸு. வேலை போயிட்டா? அங்கெல்லாம் அம்மாவுக்கு இப்பிடின்னா கவர்மெண்டே புள்ளையத் தூக்கிட்டுப் போயிருமாமா. நான் முட்டாள்னே எழுதுங்க. எனக்குப் பரவாயில்ல."

அப்படி நடக்காது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த நாட்டுச் சட்டத்தில் விசா பகுதி மட்டும்தான் எனக்குத் தெரியும். தெரியாத விஷயத்தில் தைரியம் சொல்லி, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? வீட்டுக்குப் போயும் அதே நினைப்பு.

3. வேறு வழி

எங்கள் ஓனர் கதிர்வேல் அண்ணனிடம் பேசினேன். பெயர் விவரம் சொல்லாமல், தெரியாமல் தங்கியதாக முதல் அப்ளிகேஷனில் இருக்கிறது, ஆனால் தெரிந்தேதான் தங்கினார், உண்மையான காரணத்தை எழுத அனுமதி இல்லை என்று மட்டும் சொன்னேன்.

"ஏனுங்க பூங்கொடி, முதல் அப்ளிகேஷன்ல தெரியாம தங்கிட்டேன்னு போட்டாச்சு. இப்போ தெரிஞ்சுதான் தங்கினேன்னு போட்டா, அப்போ சொன்னது பொய்யின்னு ஆகிப்போகும். பொய் சொன்னதுக்குத் தனியா ஒரு தடை இருக்குதல்லோ? இருக்கறதோட இன்னொண்ணு சேர்ந்துக்கும். மூணு வருசம் முடியட்டும்னு சொல்லி அனுப்பி வையுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த ஆபத்து நிஜம். முதல் அப்ளிகேஷனைப் பொள்ளாச்சி பிரவுசிங் சென்டர் பையன் நிரப்பியிருந்தாலும், அது செல்வராணியின் பெயரில்தான் போயிருக்கிறது. பழைய கதையையே இன்னும் விரிவாக எழுதலாம். அப்படி எழுதினால் மனமிரங்க அதில் ஒன்றும் இல்லை, மறுபடி ரிஜெக்‌ஷன்தான். நடந்ததை எழுதினால் ஜெயிக்கவும் வாய்ப்பு உண்டு, இன்னும் ஆழமாக மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

இதற்கிடையில் செல்வராணி மறுபடி வந்தார். ஃபைலுக்காக என்னிடம் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்.

"மாப்பிள்ளை வேற ஒரு ஏஜெண்டுகிட்டப் பேசியிருக்காருங்க. பாஸ்போர்ட்டு தொலைஞ்சிருச்சுன்னு சொல்லிப் புதுசு எடுத்து, செல்வராணி மேரின்னு பேரு போட்டு, அப்பா பேர எடுத்துட்டு வீட்டுக்காரரு பேரச் சேர்த்தா, அங்க கம்ப்யூட்டர்ல பழசு காட்டாதாமா."

"யாருங்க சொன்னது? முகம் அதேதான், பொறந்த தேதி அதேதான், மகளும் அதே மகள்தான். கண்டுபுடிச்சா ஆள் மாறாட்டம்னு பத்து வருசம் தடை போடுவாங்க. இங்க பாஸ்போர்ட் ஆபீஸ்ல பொய் சொன்னதுக்குப் போலீஸ் கேஸ் தனி. மூணு வருசத்துல பாதி போயிருச்சு. அதைப் பத்தாக்கிக்கப் போறீங்களா?"

"பத்தோ இருவதோ, இந்த ஒரு தடவை நான் போய்ச் சேர்ந்தாப் போதுமுங்க. அப்பறம் என்ன வேணாப் பண்ணட்டும்."

என்ன சொல்லியும் அசையவில்லை. பாஸ்போர்ட் அவருடையது, பிடித்து வைக்க எனக்கு உரிமை கிடையாது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"நீங்க எங்கிட்டச் சொன்ன விசயத்துல பாதி உங்களுது. பாதி ஜெனிபரோடது. எழுதலாமா வேண்டாமான்னு அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவகிட்ட எப்பிடிங்க கேக்கறது? அந்தப் பேச்ச எடுத்தாலே பயந்துக்குவா."

"அவதானுங்க பிரசவம் ஆகப் போறவ."

கதவுவரை போனவர் திரும்பி வந்தார். பிறகு செல்போனை எடுத்து மகளுக்குப் போட்டார். "கண்ணு, விசா ஆபீஸ் மேடம் உங்கிட்டப் பேசோணுங்கறாங்க" என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு என் மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

4. ஜெனிபர்

அவளுடைய உடம்பைப் பற்றி எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. "அம்மா ஏன் கூடுதலா இருந்தாங்கன்னு ஃபைல்ல எழுதணும்மா. அதைப் பத்தி உன்னையும் ஒரு வார்த்தை கேக்கலாம்னு" என்றேன்.

"அம்மா என்ன எழுதச் சொன்னாங்க மேடம்?"

"இங்கிலீஷ் புரியாம தங்கிட்டேன்னு."

நான் சொல்லி முடிக்கும் முன்பே குறுக்கிட்டாள்.

"அது பொய் மேடம். ஒன்றரை வருசமா என் வீட்டுக்காரரும் எங்க அத்தையும் அம்மாவை விவரம் பத்தாதவங்கன்னு பேசறாங்க. நான் வாயத் தொறக்காம உக்காந்திருக்கேன். அம்மாவைப் போக விடாம புடிச்சு வச்சது நான்தான். அம்மா அன்னைக்குப் போயிருந்தாங்கன்னா, இன்னைக்கு உங்ககிட்டப் பேசறதுக்கு நான் இருந்திருக்க மாட்டேன்."

"இப்போ எப்படிம்மா இருக்கே?"

"பயமா இருக்கு. தூக்கம் குறைஞ்சுக்கிட்டே வருது. அம்மாகிட்ட நல்லாத் தூங்கினேன்னு சொல்றேன். ஆஸ்பத்திரியில மட்டும் சொல்லியிருக்கேன். பிரசவத்துக்கு முன்னாடியே ஒரு சைக்யாட்ரிஸ்ட் பாத்துக்கிட்டு இருக்காங்க."

அம்மாவின் பயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். வேலை போய்விடுமா, குழந்தையை எடுத்துப் போய்விடுவார்களா என்று. லேசாகச் சிரித்தாள்.

"இதுக்கு ட்ரீட்மெண்ட் எடுக்கறதாலே யாரும் குழந்தையத் தூக்கிட்டுப் போக மாட்டாங்க மேடம். என்கூட வேலை செய்யற ரெண்டு பேருக்கே வந்திருக்கு. மறைச்சாத்தான் ஆபத்துன்னு டாக்டரே சொன்னாங்க. எழுதுங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு அப்படியே எழுதுங்க. டாக்டர் லெட்டர் நான் வாங்கித் தர்றேன்."

"ஸ்டீபனுக்கு?"

"நாளைக்கு வீட்டுக்கு வர்றாரு. அவர்கிட்ட நானே சொல்றேன். அந்தப் புதுப் பாஸ்போர்ட் வேலை எதுவும் வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லிருங்க."

வராந்தாவுக்குப் போனேன். செல்வராணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் சொல்லச் சொல்ல என் முகத்தையே பார்த்தார். முடித்ததும், "நல்லாத் தூங்கறேன்னு எங்கிட்டப் பொய் சொல்லிட்டாளுங்களா?" என்று கேட்டார். அது மட்டும்தான் அவர் மனதில் தங்கியது. பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து ஸ்டீபன் கூப்பிட்டான். "நான் என்னென்னமோ சொல்லிட்டேன் மேடம் அத்தையை. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே அவங்க" என்றான். அவனுடைய சுரங்கத்து ஷிப்ட் அட்டவணை, சம்பளச் சான்று, அவனுடைய கடிதம் எல்லாம் அனுப்பச் சொன்னேன். அன்று மாலையே அனுப்பிவிட்டான்.

5. இரண்டு கதை

புது ஃபைலில் எதையும் பூசி மெழுகவில்லை. மூன்று மாதம்தான் அனுமதி என்று தெரியும், தெரிந்தே தங்கினேன், இதனால் தங்கினேன் என்று செல்வராணி சொன்னதை மறைக்காமல் எழுதினோம். முதல் அப்ளிகேஷனில் இருந்த வரி தவறானது, மகளுடைய நோயை வெளியே சொல்லப் பயந்து நான்தான் அப்படிச் சொன்னேன் என்பதையும் சேர்த்தோம். அந்த ஒரு வரிக்காகவே அவர்கள் இரண்டாவது தடை போடலாம்.

கதிர்வேல் அண்ணன் முழுவதும் படித்துப் பார்த்தார். என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அனுப்புங்க. வர்றது வரட்டும். பொய்யுன்னு சொல்லி அடிச்சாங்கன்னா நானும் உங்ககூட இருக்கறேன்" என்றார்.

அனுப்பினோம். அதன் பிறகு காத்திருப்புதான். காலையில் ஆபீஸ் திறந்ததும் முதல் வேலையாக மெயிலைப் பார்ப்பேன். எதுவும் இருக்காது. செல்வராணி தினமும் கூப்பிடுவார். "ஏதாச்சும் வந்துதுங்களா மேடம்?" வரவில்லை என்றால், "சரீங்க" என்று வைத்துவிடுவார். சில நாள் அவருடைய நம்பரைப் பார்த்ததும் போனை எடுக்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

மெயில் வந்த அன்று விசா வரவில்லை, கேள்விதான் வந்தது. நீங்கள் முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் முரணாக இருக்கின்றன, முன்பு தவறான தகவல் கொடுத்ததற்காக ஏன் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கதிர்வேல் அண்ணன் எச்சரித்தது அப்படியே நடந்துவிட்டது. பதில் அனுப்பக் கொடுத்திருந்த அவகாசமும் குறைவு. பதிலில் செல்வராணியின் கையெழுத்து வேண்டும்.

6. பொள்ளாச்சி பேக்கரி

அது தென்மேற்குப் பருவமழை அடித்துக் கொட்டிய நேரம். வால்பாறையில் கரண்ட் இல்லை, செல்போன் டவர் வேலை செய்யவில்லை. கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று டி.வி.யில் சொன்னார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரியின் லேண்ட்லைன் நம்பரைத் தேடிப்பிடித்து, அங்கிருந்த நர்ஸ் மூலமாகத் தகவல் சொல்லி அனுப்பினேன். பாதை திறந்ததும் பொள்ளாச்சிக்கு வரட்டும், நான் அங்கே வந்து நிற்கிறேன் என்று.

மறுநாள் காலையிலேயே பதில் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் வால்பாறை வண்டி நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி ஒன்றும் வரவில்லை. ஸ்டீபனிடமிருந்து போன் வந்தது. ஜெனிபருக்கு வலி கண்டுவிட்டது, சொன்ன தேதிக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது என்றான். "அத்தை வந்துட்டாங்களா மேடம்?" என்று கேட்டான். மலையிலிருந்தே இறங்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

மதியம் தாண்டி ஒரு பஸ் சேறு அப்பிக்கொண்டு வந்து நின்றது. கடைசி ஆளாக இறங்கினார். பாதி வழி ஜீப்பில் வந்து, மரம் விழுந்த இடத்தை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறியிருக்கிறார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. பக்கத்திலிருந்த பேக்கரியில் உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். வலி கண்ட விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடி ஜெபம் செய்தார்.

கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். முடிக்கும் இடத்தில் நிறுத்தினார்.

"கடைசியில ஒண்ணு சேத்துக்குங்க மேடம். பொய் சொன்னது நான். தண்டனை குடுக்கறதா இருந்தா எனக்குக் குடுங்க, அவளுக்குக் குடுக்காதீங்க. நான் வராமப் போனா தண்டனை எனக்கு இல்ல, அவளுக்குத்தான்."

கடிதத்தின் கீழே இருந்த வெற்றிடத்தில் அதை என் கையாலேயே இங்கிலீஷில் எழுதினேன். இத்தனை வருட சர்வீஸில் கிளையண்ட் சொன்ன ஒரு வாக்கியத்தைத் திருத்தாமல் அப்படியே போட்டது அன்றைக்குத்தான். அவர் கையெழுத்துப் போட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே இருந்த கடையில் ஸ்கேன் செய்து அங்கிருந்தே அனுப்பினேன்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்ததாகத் தகவல் வந்தது. தாயும் குழந்தையும் நலம் என்றான் ஸ்டீபன். நலம் என்ற அந்த ஒரு வார்த்தை எங்கள் இருவருக்கும் போதவில்லை. போன தடவையும் குழந்தை பிறந்தபோது ஜெனிபர் நலமாகத்தானே இருந்தாள்.

7. கிராண்ட்

அதற்கடுத்த நாட்கள்தான் எனக்கு மிகவும் கஷ்டமானவை. ஸ்டீபன் லீவில் வீட்டில் இருந்தான். லீவு முடிந்தால் சுரங்கத்துக்குப் போயாக வேண்டும். ஜெனிபர் தூக்கமில்லாமல் இருக்கிறாள், டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார், ஆஸ்பத்திரியில் தாயும் சேயும் சேர்ந்து தங்கும் மனநல வார்டில் இடம் கேட்டிருக்கிறோம் என்று மெசேஜ் அனுப்புவான். இந்த முறை அவன் அவளைத் தனியாக விடவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவது எப்படி என்று மாமியாரிடம் வீடியோ காலில் கேட்டுக் கற்றுக்கொண்டான். செல்வராணி மலை ஏறவே இல்லை. கோயமுத்தூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, பெட்டியோடு காத்திருந்தார்.

ஒரு நாள் காலை மெயிலைத் திறந்தேன். 'கிராண்ட்' என்று இருந்தது, விசா கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம், ஒரே ஒரு முறை பயணம், அங்கே போய் நீட்டிப்புக் கேட்க முடியாது என்ற நிபந்தனை. நான் மூன்று முறை படித்தேன். பக்கத்து சீட் பெண்ணைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னேன். பிறகுதான் செல்வராணிக்குப் போன் செய்தேன். சொன்னதும் அவர் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. "எத்தனை மணிக்குங்க பிளைட்டு?" என்றுதான் கேட்டார்.

கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து பெர்த். இறங்கியதும் அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள் என்று ஸ்டீபன் ஏர்போர்ட் வாசலிலிருந்து மெசேஜ் போட்டான். கையில் நாங்கள் கொடுத்தனுப்பிய ஃபைல் இருந்தது. இருந்தாலும் விசா இருப்பதாலேயே உள்ளே விடுவார்கள் என்று நிச்சயம் இல்லை. நான் ஆபீஸில் போனை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெகு நேரம் கழித்து, 'அத்தை வெளியே வந்துட்டாங்க' என்று வந்தது.

ஜெனிபர் இரண்டு வாரம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தாள். பிறகு வீட்டுக்கு வந்தாள். ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வந்தன. ஸ்டீபன் சுரங்க வேலையை விட்டுவிட்டு ஊருக்குள்ளேயே ஒரு ஒர்க் ஷாப்பில் சேர்ந்தான்.

மூன்றாவது மாதம் தொடங்கியதும் எனக்கு மறுபடி கவலை பிடித்துக்கொண்டது. ஜெனிபர் மறுபடி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டால்? மறுபடி தங்கிவிட்டால்? நான் கேட்கும் முன்பே ஜெனிபர் போன் செய்தாள். "அம்மாவுக்கு அடுத்த வாரம் டிக்கெட் போட்டுட்டேன் மேடம். கெடு முடியறதுக்கு முன்னாடியே. நானே ஏர்போர்ட்டுக்கு வண்டி ஓட்டிட்டுப் போறேன்" என்றாள். அப்படியே செய்தாள். செல்வராணி திரும்பி வந்து வால்பாறை பஸ் ஏறும் முன் ஆபீஸுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

போனில் கேட்ட இரண்டு பெண்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். தடையின் விதி எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். ஏன் கூடுதலாகத் தங்கினீர்கள் என்று கேட்டதும் ஒரே வரியில் பதில் வந்தால், அங்கே கொஞ்சம் நில்லுங்கள். எதிரில் இருப்பவர் தன்னை முட்டாளாக்கிக்கொண்டாவது வேறு யாரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அந்த யாரோ ஒருவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் சரி என்றால் முழுவதையும் எழுதுங்கள். வேண்டாம் என்றால் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொய்யையும் எழுத வேண்டாம், அவர்கள் அனுமதிக்காத உண்மையையும் எழுத வேண்டாம்.